பீரோவைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகள் படிக்கவில்லை என்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரமே, என் பேரன் படிக்கும் தனியார் பள்ளியிலிருந்து பெற்றோரின் வாட்ஸ்ஆப் குழுவுக்கு ஒரு பட்டியல் வந்தது. பத்து நூல்கள், பத்தும் ஆங்கிலம். பெரும்பாலானவை நூறாண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட நாவல்கள். அவற்றுள் ஐந்தையாவது படித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கத்தில் விமர்சனம் எழுதி, ஸ்பைரல் பைண்டிங் செய்து, பள்ளி திறக்கும் நாளில் ஒப்படைக்க வேண்டும். அக மதிப்பீட்டில் அதற்குப் பத்து மதிப்பெண். பையன் செல்பேசியில் இருந்த செயலி ஒன்றிடம் நூற்பெயர்களை வரிசையாகக் கொடுத்தான். ஐந்து விமர்சனங்களும் வந்து விழ அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இவற்றில் ஒன்றையாவது கண்ணால் பார்த்தாயா என்று கேட்டேன். "மிஸ்ஸும் இதையெல்லாம் படிக்க மாட்டாங்க தாத்தா, பைண்டிங் சரியா இருக்கான்னுதான் பார்ப்பாங்க" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை என்று தெரிந்ததால் எனக்குக் கோபம் வரவில்லை.

எதிர்வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில் அதே பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியவள். அவளிடம் யாரும் எதையும் படிக்கச் சொல்லவில்லை. கடைசித் தேர்வன்று நுழைவுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவைத்தார்கள், அவ்வளவுதான். 2025ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஏப்ரல் 15இல் முடிந்தது. முடிவுகள் மே 16இல் வந்தன. பள்ளிகள் ஜூன் 2இல் திறந்தன. கணக்குப் பார்த்தால் நாற்பத்தெட்டு நாள். மாணவப் பருவத்தில் வீட்டுப்பாடமோ அடுத்த தேர்வோ தலைமேல் தொங்காத விடுமுறை அநேகமாக இந்த ஒன்றுதான். ஒன்பதாம் வகுப்பு முடித்தவனைப் பத்தாம் வகுப்புப் பாடம் விரட்டுகிறது. பதினொன்றை முடித்தவளுக்கு நீட் பயிற்சி, இல்லையென்றால் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஏப்ரலிலேயே தொடங்கிவிடும் சிறப்பு வகுப்பு. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் பள்ளிகள் நடத்தாமல் தாண்டிச் செல்வதைத் தடுக்கவே 2017-18இல் அவ்வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அதை எடுத்தும்விட்டார்கள். அதனால் அந்தக் கோடை மாணவரிடம் திரும்பி வருமா, பயிற்சி மையங்களிடம் போய்ச் சேருமா என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆகவே பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையிலான கோடையைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

என் கோரிக்கை சிறியது. அந்த நாற்பத்தெட்டு நாளில் ஒவ்வொரு மாணவரும் தாமே தேர்ந்த ஒரு முழு நூலை, தமிழோ ஆங்கிலமோ, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்துவர வேண்டும் என்று பள்ளி எதிர்பார்க்கட்டும். பத்து வேண்டாம், ஐந்தும் வேண்டாம். இருநூறு பக்க நூலை நாளொன்றுக்குப் பத்துப் பக்கமாகப் படித்தாலும் இருபது நாளில் முடிந்துவிடும். முழு நூல் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்து ஆண்டுகள் தமிழ் படித்து வெளியே வரும் பிள்ளை, நூலின் துண்டுகளை மட்டுமே பார்த்திருக்கிறது. இன்றைய பாடநூல்களைக் குறை சொல்லவில்லை. 2018க்குப் பிறகு வந்த தமிழ்ப் பாடநூல்கள் முந்தியவற்றைவிடப் பல மடங்கு நல்லவை. இயல்களின் இறுதியில் 'அறிவை விரிவு செய்' என்று தலைப்பிட்டு, மேலும் படிக்க வேண்டிய நூல்களின் பெயர்களையும் ஆசிரியர் பெயர்களையும் தந்திருக்கிறார்கள். மாநிலம் முழுவதற்குமான கோடை வாசிப்புப் பட்டியல் ஒவ்வொரு மாணவரின் புத்தகப் பையிலும் ஏற்கெனவே அச்சாகிக் கிடக்கிறது. தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது என்பதால் ஆசிரியர்களாகிய நாங்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவோம். 'நாங்கள்' என்று எழுதும்போது என்னையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புப் பாடநூலில் கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலிலிருந்து ஒரு பகுதி விரிவானமாக இருக்கிறது. 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். பசித்துக் களைத்து வந்த வழிப்போக்கனை அன்னமய்யா அழைத்துப்போய்க் கஞ்சி வாங்கிக் கொடுக்கும் இடம் அது. பிள்ளைகளுக்கு அது நெடுவினாவுக்கான விடை: முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. அதை நடத்தி முடித்த ஒருநாள், மூன்றாவது பெஞ்சில் இருந்த மாணவி ஒருத்தி, "அவன் அப்புறம் எங்க ஐயா போனான்?" என்று கேட்டாள். என் முப்பத்தொரு ஆண்டுப் பணிக்காலத்தில், பாடம் முடிந்த பிறகு கதை எங்கே போகிறது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீட்டில் இருந்த என் சொந்தப் பிரதியைக் கொடுத்தேன். பள்ளி திறந்த பிறகு திருப்பிக் கொண்டுவந்தாள். அட்டையில் மஞ்சள் கறை; நடுவில் அடையாளத்துக்கு வைத்த நகரப் பேருந்துச் சீட்டு. அவள் அம்மாவும் அதைப் படித்ததாகவும், அந்தக் கறை அம்மா வைத்தது என்றும் சொன்னாள்.

என் சொந்தப் பிரதியை ஏன் கொடுக்க வேண்டியிருந்தது? பள்ளி நூலகத்தில் நூல்கள் இல்லாமல் அல்ல; தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்தில் நான்கு இரும்புப் பீரோக்கள் நிறைய நூல்கள் இருந்தன. அவற்றின் சாவிகளும் என்னிடமே இருந்தன. பெரும்பாலான அரசுப் பள்ளிகளைப் போல எங்களுக்கும் நூலகர் கிடையாது. தமிழாசிரியரே நூலகப் பொறுப்பாளர். மார்ச் மாதம் வந்ததும் இருப்புச் சரிபார்ப்புக்காக, வெளியே போன நூல்கள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிட வேண்டும். இருப்புப் பதிவேட்டில் எண் இருந்து பீரோவில் நூல் இல்லையென்றால், தணிக்கையில் தடை, அதாவது ஆட்சேபணை, எழுதுவார்கள். பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும், இல்லையேல் கட்ட வேண்டும். ஒருமுறை இரண்டு நூல்கள் திரும்பவில்லை. வாங்கிய மாணவன் மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்தத் தொகை பெரிதில்லை, என் கையிலிருந்து கட்டினேன். ஆனால் அடுத்த ஆண்டு மார்ச்சில் முதல் ஆளாகப் பீரோவைப் பூட்டியவனும் நானே. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் இதைச் சொல்லாமல் இக்கடிதத்தை எழுத முடியாது. பிள்ளைகளுக்குப் படிக்க நேரம் இருக்கும் அந்த ஒன்றரை மாதத்தில்தான் பள்ளி நூல்கள் எல்லாம் பீரோவுக்குள் இருக்கின்றன. சிக்கல் பிள்ளைகளின் ஆர்வத்தில் இருப்பதைக் காட்டிலும் இந்த நாட்காட்டியில் இருக்கிறது.

நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் எங்கள் காவிரிப் படுகை ஊரான சீர்காழியில் 1892இல் பிறந்தவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. பழங்கால ஐரோப்பிய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் மேசையோடு பிணைத்து வைத்திருந்த வழக்கத்தை அந்த விதியை விளக்குமிடத்தில் அவர் எழுதுகிறார். சங்கிலியில் கட்டிய நூலையாவது அங்கேயே நின்று படிக்கலாம். அதே 1931ஆம் ஆண்டில்தான், கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி, சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு அனுப்பினார். மேலவாசலில் அதைத் தொடங்கிவைத்தவரும் ரங்கநாதனே. தார்ச்சாலை இல்லாத ஊருக்கு வண்டி கட்டிக்கொண்டு போன நூல், இன்று பக்கத்து வகுப்பறைக்குப் போகவில்லை.

தணிக்கை விதி என்றால் கல்லில் செதுக்கியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல், நூலகங்களுக்கான 215ஆவது விதி, ஓராண்டில் வாசகர்களுக்கு வழங்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் வரையிலான இழப்பை, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாத நிலையில், இயல்பான இழப்பாக ஏற்கலாம் என்கிறது. நூலகம் புழங்கினால் சில நூல்கள் போகத்தான் செய்யும் என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. இப்படியொரு எண்ணைப் பள்ளி நூலகங்களுக்காக நான் பணியாற்றிய காலத்தில் எந்தச் சுற்றறிக்கையிலும் பார்த்ததில்லை. பள்ளிக் கல்வித் துறை ஒரு பக்க ஆணை ஒன்றில் அதை எழுதிக் கையில் கொடுத்தால், சாவி வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களின் கை தானாகத் தளரும். பதின்ம வயதுப் பிள்ளைகளின் கையில் போகும் நூலுக்கு ஆயிரத்துக்கு ஐந்து போதாது, இருபதாக வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். இருப்புச் சரிபார்ப்பையும் மார்ச்சிலிருந்து ஜூலைக்குத் தள்ளிவைக்கலாம். ஜூலையில் எண்ணினாலும் நூல் அதே நூல்தான்.

துறை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை வகுத்துச் சிறு நூல்களை வெளியிட்டார்கள். பிள்ளைகள் அவற்றைச் சண்டை போட்டு வாங்கிப் படித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு 'ஊஞ்சல்', ஆறு முதல் ஒன்பது வரை 'தேன்சிட்டு' என இதழ்களும் வந்தன. கவனித்துப் பாருங்கள், ஒன்பதோடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பில் கால் வைத்த பிள்ளைக்கு இனி வினாவங்கி போதும் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம் போலும். பதினைந்து வயதில்தான் ஒரு நூல் ஆளையே புரட்டிப் போடும். அந்த வயதில் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, கல்லூரிக்குப் போன பின் இந்தத் தலைமுறை படிப்பதில்லை என்று மேடைதோறும் பேசுகிறோம்.

பொது நூலகம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது, 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் இந்தியாவுக்கே முன்னோடி, இன்றும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம். மதுரையிலும் கோட்டூர்புரத்திலும் மாளிகைபோல் நூலகங்கள் எழுந்திருப்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மதுரை தூரம். ஊர்ப்புற நூலகத்தில் அவள் வயதுப் பெண்கள் உட்கார்ந்து படிக்கும் வழக்கமும் குறைவு. செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்கள் நடுவில் அவளால் நிற்கவும் முடியாது. பள்ளியிலிருந்து கையில் கொண்டுவரும் நூலுக்கு இந்தத் தடைகள் இல்லை. கோடையில் துணிக்கடையில் நாள் முழுதும் நின்று வேலை பார்க்கும் பையன்களும் உண்டு. அவர்களிடம் ஒரு நூலை முடித்தே வர வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன். பையில் ஒன்று இருக்கட்டும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பள்ளி திறந்ததும் என்ன கேட்பது என்பதில்தான் பேரனின் பள்ளி சறுக்கியது. விமர்சனம், சுருக்கம், நீதி, ஆசிரியர் குறிப்பு ஆகிய எதையும் எழுதச் சொல்லக்கூடாது. அவற்றைச் செயலி அழகாக எழுதிவிடும். மதிப்பெண்ணும் கூடாது. பதினொன்றாம் வகுப்பின் முதல் இரண்டு வாரத் தமிழ்ப் பாடவேளைகளில், ஆளுக்கு ஐந்து நிமிடம் நேரில் உட்காரவைத்துப் பேசினால் போதும். எந்த இடத்தில் மூடி வைத்துவிடலாம் என்று தோன்றியது? அதில் யாரைக் கண்டால் எரிச்சல் வந்தது? பாதியில் விட்டேன் என்று சொல்கிறவனையும் உட்காரவைத்து, ஏன் விட்டான் என்று கேட்க வேண்டும். அவன் சொல்லும் பதில் பல நேரங்களில் முடித்தவன் சொல்வதைவிடக் கூர்மையாக இருக்கும். ஐம்பது பேர் உள்ள வகுப்பில் இதற்கு நான்கரை மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும். இரண்டு வாரத்தில் அவ்வளவு தமிழ்ப் பாடவேளைகள் கிடைக்கும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

நூல் வாங்கப் பணம் எங்கே என்ற கேள்விக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி நூலகத்துக்கென ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை மானியத்துக்கு இடமுண்டு. அந்த நிதி வருவதும் வராமலிருப்பதும் தனிக் கதை. புதிதாக ஒன்றும் வாங்காவிட்டாலும், பீரோக்களில் இருப்பதே முதல் கோடைக்குத் தாராளம்.

ஆகவே அடுத்த கல்வியாண்டு முடிவதற்குள், இருப்புச் சரிபார்ப்பை ஜூலைக்கு மாற்றியும், ஏற்கத்தக்க இழப்பு இவ்வளவு என்று எண்ணால் குறித்தும் துறை ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். கடைசித் தேர்வு நாளன்று, விடைத்தாள் கட்டுகளைக் கட்டி அனுப்பிய பின், பிற்பகல் ஒரு மணி நேரம் அந்தப் பீரோக்களைத் திறந்துவைத்தால் போதும். நுழைவுச்சீட்டோடு வெளியே வரும் பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மன்னார்குடி.