மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே

கொரடாச்சேரி,
தை மாதம்.

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்த செய்தியை இவரிடம் உரக்க வாசித்துக் காட்டினேன். தாயும் பிள்ளையும் நலம் என்று எழுதியிருந்தாய், அதுவே போதும். பெயர் வைத்ததும் எழுது.

இங்கே சம்பா அறுப்பு ஒருவழியாக முடிந்தது. கதிர் முற்றுகிற நேரத்தில் பெய்த மழையில் ஆற்றோரத்து வயல் சாய்ந்துவிட்டது. சேற்றில் இறங்க, சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுப்பு மிஷின்தான் சரிப்படும் என்றார்கள், வாடகையும் அதற்குத் தகுந்தாற்போல் ஆயிற்று. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்க வேண்டுமே என்று இவர் ராத்திரியும் அங்கேயே கிடக்கிறார். சாப்பாட்டுக் கேரியரோடு சுகர் மாத்திரையையும் மடித்து அனுப்புகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘பிரஷர் மாத்திரை தீர்ந்து நாளாகிறது, இந்த முழங்காலோடு மாயவரம் போய் டாக்டருக்காக உட்கார்ந்திருக்கத் தெம்பில்லை, தலைசுற்றலும் இல்லை, அப்படியே விட்டுவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பிரஷர் இருந்தால் தலை சுற்றும் என்று நம் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறோம். பெரும்பாலானவர்களுக்கு அது எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. உள்ளுக்குள்ளேயே ரத்தக்குழாயையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டே இருந்து, ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளியே தெரியும். மாத்திரை சாப்பிட்டதால்தான் நீ நன்றாக இருந்தாய், ஜெயா.

திருவெண்காட்டிலிருந்து பஸ் ஏறாமலேயே மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க முடியும். போனிலேயே டாக்டரைப் பார்க்கும் முறைக்கு 2020 மார்ச்சில், கொரோனா வந்த புதிதில், மத்திய அரசு விதிமுறை வெளியிட்டது. நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் இருந்தால், அதே நோய்க்கு அதே மருந்தை உன் மாயவரம் டாக்டரே போனில் பேசி எழுதித் தரலாம். ஆறு மாதம் தாண்டிவிட்டால் முதல் முறை பார்ப்பதுபோலத்தான் கணக்கு. அப்போது வீடியோவில் முகம் பார்த்துப் பேச வேண்டும். அதனால் முதலில் அவருடைய கிளினிக்குக்கே போன் போட்டுக் கேள். உன் உடம்பை அறிந்தவர், அவரைவிட யார் வேண்டும்? அவருக்கு இதில் பழக்கம் இல்லை என்றால் போனிலேயே டாக்டரைப் பார்க்க அரசாங்கத்தின் இ-சஞ்சீவனி ஆப் இருக்கிறது. கட்டணம் கிடையாது. போன் நம்பரைப் பதிந்து, வருகிற ஓடிபியைப் போட்டால் டோக்கன் கிடைக்கும். முறை வந்ததும் டாக்டர் திரையில் வருவார், பேசி முடித்ததும் சீட்டு போனுக்கே வந்துவிடும். அதில் டாக்டர் பெயர், பதிவு எண், தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். மெடிக்கலில் அதைக் காட்டி வாங்கலாம்.

ஆனால் எல்லோரும் ஒழுங்காகப் பார்க்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். என் நாத்தனார் ஏதோ ஒரு தனியார் ஆப்பில் பணம் கட்டிப் பேசினார். பழைய சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்களாம், அடுத்த நிமிடமே புதுச்சீட்டு வந்துவிட்டது. பிரஷர் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பழையதைப் பார்த்துப் புதிது எழுத டாக்டர் எதற்கு? மருந்து இன்னும் பொருந்துகிறதா என்று கேட்கத்தானே அவர்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் நான் என் பிரஷர் மாத்திரை அம்லோடிபினுக்குச் சீட்டைப் புதுப்பிக்கத்தான் ஒரு டாக்டரிடம் போனில் பேசினேன். அந்தம்மா சின்ன வயசு டாக்டர், பொறுமையாகக் கேட்டார். கடைசியில், வேறு ஏதாவது உண்டா என்றார். சாயந்திரமானால் கால் கொஞ்சம் கனக்கிறது என்றேன், அவ்வளவுதான். உடனே போனைக் காலுக்கு நேரே பிடிக்கச் சொல்லி, கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். விரலை எடுத்ததும் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு குழி. அது மெதுவாகத்தான் நிரம்பியது. ‘இந்த மாத்திரையே சிலருக்குக் காலை வீங்க வைக்கும், ஆனால் இதயமும் சிறுநீரகமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் மாத்திரைமேல் பழி போட முடியாது, நேரில் போய்க் காட்டுங்கள்’ என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திருவாரூர் போய் ரத்தம், சிறுநீர், ஈசிஜி எல்லாம் பார்த்தோம், ஒன்றும் இல்லை. மாத்திரையை மாற்றினார்கள், வீக்கம் வற்றிவிட்டது. போனில் என்ன முடியும், எதற்கு நேரில் போக வேண்டும் என்று தெரிந்த டாக்டர் அவர். அப்படிப்பட்டவர் கிடைத்தால் விடாதே.

எதிர்வீட்டு அக்காவும் அவரிடமே தூக்க மாத்திரை கேட்டுப் பார்த்தார்கள். அல்பிரஸோலம் மாதிரி மாத்திரைகளைப் போனில் எழுதக் கூடாது என்பது சட்டம், மறுத்துவிட்டார். அக்காவுக்கு வருத்தம்தான். எனக்கு டாக்டர்மேல் மரியாதை கூடிற்று.

நீ பேசுமுன் ஒரு வாரமாவது பிரஷர் பார்த்து எழுதி வை. உன் மகனிடம் சொல்லி மேல்கையில் பட்டை கட்டுகிற மிஷினாக வாங்கு. காப்பி குடித்த கையோடு பார்க்காதே, அரைமணி போகட்டும். நாற்காலியில் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் இரு. கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்கட்டும். காலையில் இரண்டு தரம், சாயந்திரம் இரண்டு தரம். வீட்டில் பார்க்கும்போது 135/85க்குக் கீழே இருந்தால் நல்லது. ஆனால் மேல் எண் 180ஐத் தாண்டியிருந்து, நெஞ்சுவலியோ, வாய் கோணலோ, ஒரு பக்கம் மரத்துப்போவதோ இருந்தால் போனில் டாக்டரைத் தேடிக்கொண்டு உட்காராதே. 108ஐக் கூப்பிடு.

இன்னொன்று, இதுதான் முக்கியம். முழங்காலுக்கு நீயாகவே மெடிக்கலில் வாங்கிப் போடுகிறாயே வலி மாத்திரை, அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லு. டைக்ளோபெனாக் போன்றவை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. அட்டையைக் கேமராவுக்கு நேரே காட்டிவிடு. பழைய சீட்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் பக்கத்திலேயே வைத்துக்கொள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போய், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட வேண்டும். அந்த ஒரு நாளைக்கு நான் வருகிறேன், கார் வைத்துக்கொண்டு சேர்ந்தே போவோம்.

அப்புறம், அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உன் பெயர் பதிந்திருக்கிறதா? 2021லிருந்து பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களே. இல்லையென்றால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றாலும் முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் விலை குறைவு. செலவை நினைத்து நிறுத்தியிருந்தால் என்னிடம் சொல்லுடி, என்னிடம் என்ன கூச்சம்?

இவருக்கும் சுகர் மாத்திரை போனில்தான் புதுப்பிக்கிறோம். மெட்பார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர், பாதம் மதமதவென்று இருக்கிறது என்றதும் ரத்தத்தில் பி12 வைட்டமின் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நெல் எடைபோட்டு முடியட்டும் என்கிறார். நான் விடப் போவதில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கிளினிக்குக்குப் போன் போடு. பேசிவிட்டு எனக்கும் ஒரு போன் பண்ணு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
சரோஜா