கடைமடையிலிருந்து தலைமடைக்கு: மிதிவண்டிப் பயணச் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்க நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதற்குள் நான் நுழையவில்லை.

மாதாந்தரப் பயணங்கள் வழக்கம்போல் நடந்தன. தேவிபட்டினம், திருப்புல்லாணி வழியாகச் சேதுக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று பழகிய தடங்களே. ஆடியில் அரிச்சல்முனை போனவர்களுக்கு மட்டும் தனிப் பாராட்டு சொல்ல வேண்டும். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் 2017இல் திறந்த ஒன்பதரை கிலோமீட்டர் சாலையில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வலது தோளில் அறைந்துகொண்டே இருந்தது. மணல் சாலைமேல் ஏறிக் கிடந்த இடங்களில் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் மலை இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கிறது என்று தலைவர் அடிக்கடி சொல்வார். அன்று அதை யாரும் மறுக்கவில்லை.

நவம்பர் மாதப் பயணம் நடக்கவில்லை. அந்த மாதம் இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது அனைவரும் அறிந்ததே.

இனி இவ்வறிக்கையின் பெரும்பகுதி தை மாதத்து வைகைப் பயணம் பற்றியது. அதற்குக் காரணம் உண்டு. மலைப் பயணம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வியில் செயற்குழு இரண்டாகப் பிரிந்து நின்றது. இளைய உறுப்பினர்கள் நேராகப் போடி மெட்டு ஏற வேண்டும் என்றார்கள். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு ஏறுவதுதான் மலைப் பயணம் என்பது அவர்கள் கட்சி. ஆற்றைப் பிடித்துக்கொண்டு போனால் மலை தானாக வரும் என்பது என் கட்சி. நாம் கடைமடைக்காரர்கள். வைகை அணையில் தண்ணீர் திறக்கும்போது இராமநாதபுரம், சிவகங்கை, மதுரை மாவட்டங்களுக்கு 7:3:2 என்று பங்கு பிரிப்பதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். அந்தத் தண்ணீர் வரும் வழியை நம்மில் பெரும்பாலோர் பஸ் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. இறுதியில் ஆற்று வழியே முதன்மைப் பயணம், போடி மெட்டு விரும்புவோருக்கு மட்டும் என்று முடிவாயிற்று.

காலத்தைத் தேர்ந்ததில் இரண்டு கணக்குகள் இருந்தன. முதலாவது காற்று. கம்பம் பள்ளத்தாக்கு வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடக்கிறது. ஆனி, ஆடியில் மேற்குக் காற்று கணவாய் வழியாகப் புகுந்து முகத்துக்கு நேரே வரும். கண்டமனூர், ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். தை மாதத்தில் வாடை முதுகுப் பக்கம் இருக்கும். கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது சபரிமலை. கார்த்திகையிலிருந்து தேனி–குமுளிச் சாலை ஐயப்ப பக்தர்களின் வாகனங்களால் நிறைந்துவிடும். ஜனவரி 15 முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் பிறந்தநாள். அன்று கம்பம் பள்ளத்தாக்கில் இருக்க வேண்டும் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். பள்ளத்தாக்கு ஊர்களில் பொங்கல் வைத்துக் கொண்டாடும் நாள், ஆசையில் தவறில்லை. ஆனால் மகரவிளக்கு நெரிசலில் சைக்கிளோடு அகப்பட வேண்டாம் என்று, நடை சாத்திய பிறகே கிளம்பினோம்.

ஆற்றங்கரை என்று பெயர் கொண்ட ஊரில், வைகை பாக்கு நீரிணையைத் தொடும் இடத்தில் புறப்பாடு. பெரிய கண்மாயின் கரையைப் பார்த்துக்கொண்டு பரமக்குடிச் சாலையைப் பிடித்தோம். பார்த்திபனூர் மதகு அணையில் எல்லோரும் இறங்கி நின்றார்கள். இடது, வலது கால்வாய்கள் பிரியும் இடத்தை அதுவரை வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்த நம் விவசாய உறுப்பினர் ஒருவர் அங்கிருந்து நகரவே மறுத்துவிட்டார். மானாமதுரை, திருப்புவனம் வழியாக மதுரை வரை தரை சமம்தான். களைப்பு தருவது வெயிலும் நான்குவழிச் சாலையின் இரைச்சலும். பழைய ஊர்ச் சாலைகள் கிடைத்த இடத்தில் எல்லாம் அவற்றுக்குள் இறங்கிவிடுவது நல்லது.

மதுரையை விடியுமுன் கடந்துவிட்டால் மேற்கே உள்ள தடம் அருமையானது. திருவேடகம், சோழவந்தான், குருவித்துறை என்று ஆற்றை ஒட்டியே தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலுமாகப் போகிறது. வாகனம் குறைவு, நிழல் அதிகம். இந்தப் பயணத்தில் குடும்பத்தோடு போகத் தகுந்த பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிறகு வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம் வழியாகத் தேனி. வலப்பக்கம் கொடைக்கானல் மலை சுவராக எழுந்து நிற்கும். நம் சாலையோ அதன் காலடியில் சமமாகவே போகும்.

மூத்த உறுப்பினர்கள் மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் ரயிலில் வந்து தேனியில் சேர்ந்துகொண்டார்கள். 2010இல் மீட்டர் கேஜ் பாதை மூடப்பட்டு, அகலப்பாதையாகி, 2022இல் தேனி வரைக்கும் 2023இல் போடி வரைக்கும் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. அவர்களின் சைக்கிள்கள் முன்கூட்டியே குட்டி யானையில் போய்ச் சேர்ந்திருந்தன.

தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப். இதுதான் பள்ளத்தாக்கின் முதுகெலும்பு. புறவழிச் சாலைகள் வந்த பிறகு லாரிகள் வெளியே போய்விடுகின்றன. ஊர்களுக்குள் ஓடும் பழைய சாலை சைக்கிளுக்கு வாகாக இருக்கிறது. ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, தொடைக்கு மட்டும் தெரியும். இருபுறமும் மலை, நடுவில் நெல்வயலும் பன்னீர்த் திராட்சைப் பந்தலும். 14,707 ஏக்கர் இருபோகம் என்று அங்கே டீக்கடையில் இருப்பவர்கூட ஏக்கர் பிசகாமல் சொல்கிறார். புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் ஊரிலிருந்து போன நமக்கு, தை மாதத்தில் இரண்டாம் போகப் பயிரைப் பார்ப்பது கொஞ்சம் பொறாமையான காட்சிதான்.

லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் பார்த்தோம். மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பிய வேலை 1895இல் முடிந்தது. அந்தத் தண்ணீர் மின்நிலையத்துக்கு இறங்கும் பெருங்குழாய்களைக் குமுளிச் சாலையிலிருந்தே பார்க்கலாம். குமுளி வரையிலான மலைச்சாலை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். முதன்முறை மலை ஏறுபவர்கள் தங்களைச் சோதித்துக்கொள்ளச் சரியான நீளம். முடியாதவர்கள் பாதியில் திரும்பினார்கள். யாரும் கேலி பேசவில்லை.

போடி மெட்டுக் குழு பற்றி. மலையடிவாரத்து முந்தலில் தொடங்கி 17 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 20 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏற்றம் என்று ஆகிறது. கியர் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் என்று போட்டு, பேச்சுக் கொடுக்க முடிகிற வேகத்தில் மிதித்தால் ஏறிவிடலாம். சாதா சைக்கிளில் முயல வேண்டாம். நேரம் முக்கியம்: ஏலத் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடியலில் மேலே போகும், மாலையில் அவசரமாகக் கீழே வரும். அவை போன பிறகு ஏறி, அவை வருமுன் இறங்கிவிட வேண்டும்.

இளைய உறுப்பினர்கள் ஏற்றத்துக்குத் தயாராகி வந்தார்கள், இறக்கத்துக்கு யாரும் தயாராகவில்லை. இறக்கம்தான் ஆபத்து. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும், டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகம் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். இடையிடையே நின்று ரிம் ஆற விட வேண்டும். மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே வழி என்பதையும் மறக்கக் கூடாது. இந்த ஆண்டு விபத்து ஏதும் இல்லை. ஆனால் ஒருவரின் பிரேக் கட்டை முந்தலுக்கு வரும்போது இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

கடைசியாக மூல வைகை. கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாக வருசநாடு வரை போனோம். சாலை சுமார்தான், தென்னையும் மணல் ஆறும் வறண்ட குன்றுகளும். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுவே, ஏனென்று கேட்டால் நம் ஊர்ப் பக்கத்து வறட்சியின் சாயல் அதில் இருந்தது என்றுதான் சொல்ல முடியும். வருசநாட்டுக்கு மேலே ஆறு பிறக்கும் மலைகள் 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. அனுமதி இல்லாமல் உள்ளே போகும் எண்ணம் சங்கத்துக்கு இல்லை. திரும்பிவிட்டோம்.

தேனியில் ஒரு தங்கும் விடுதி, பேசி முடித்த பிறகு சைக்கிள்களை வளாகத்துக்குள் விட மறுத்தது. பக்கத்துத் திருமண மண்டபத்துக் காவலாளி இரவு முழுவதும் பார்த்துக்கொண்டார். அவருக்குச் சங்கம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. இனி முன்பணம் கட்டும்போதே இதை எழுதி வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்திருக்கிறோம்.

பராமரிப்பு பற்றி ஒரு சொல். மலையில் ஆன பஞ்சரைவிட நம் ஊர்ச் சீமைக் கருவேல முள்ளால் ஆன பஞ்சரே அதிகம். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் புது டியூபுக்கும் இடையே வைக்கும் முறையை எல்லோரும் கைக்கொள்ள வேண்டுகிறேன். பம்பும் ஒட்டுப் பொருளும் இல்லாமல் வருகிறவர்கள் பற்றிச் சென்ற அறிக்கையிலேயே சொல்லியாயிற்று.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் திட்டங்கள்: சோழவந்தான் தடத்தில் குடும்பப் பயணம், மலைப் பயணத்துக்குப் பெயர் கொடுப்பவர்களின் பிரேக்கும் டயரும் புறப்படும் முன் சோதனை, சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும் சாலைக்கு வனத்துறையிடம் முன்கூட்டியே விசாரிப்பது. மேகமலையில் நேரக் கட்டுப்பாடு உண்டு, ஆகவே வேகம் போதாதவர்கள் வற்புறுத்த வேண்டாம். 2022 டிசம்பர் முதல் பாம்பனைக் கடக்காமல் நின்றிருந்த ரயில், 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறந்த பிறகு மீண்டும் இராமேசுவரம் வரை ஓடுகிறது. தீவு உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வராமல் இருக்க இனி அந்தக் காரணம் செல்லாது.

சந்தா நிலுவை உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும். இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்