பெரியப்பாவின் இரத்தம் ஏன் ஏறவில்லை

மண்டூர்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய இரும்புச்சத்துக் குளிசைப் போத்தல் வந்து சேர்ந்தது. பெரியப்பாவுக்குக் கொடுக்கவில்லை. கோபிக்காதே, காரணத்தைச் சொல்கிறேன்.

போன கிழமை டயாலிசிஸுக்கு, அதுதான் இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்க, மட்டக்களப்புக்குக் கூட்டிப் போனேன். உடம்பில் இரும்பு போதிய அளவு இருக்கிறதாம். இருந்தும் செங்குழியங்கள் சிறுத்து வெளிறிப்போய் இருக்கின்றன. சிறுநீரகம் பழுதானால் இரத்தம் குறைவது வழமைதான்; செங்குழியம் உண்டாகத் தூண்டும் ஓமோன் அங்கேதான் சுரக்கிறது. அதற்கு ஊசி போட்டும் ஏறவில்லை என்றதும், வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டார். அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தார். நெஞ்செரிவுக்கென்று வருடக்கணக்காகக் கடையில் வாங்கிக் குடித்த வெள்ளை மருந்து! அதில் இருப்பது அலுமினியம் ஐதரொட்சைட்டு.

குருமண்வெளிப் பாதையில், அந்த மிதவையில் ஏறி, நாம் ஆற்றைக் கடப்பதை நினைத்துப் பார். அந்தப் பாதையைப்போல, இரத்தத்தில் இரும்பை ஏற்றிக்கொண்டு, செங்குழியங்கள் உண்டாகும் என்பு மச்சைக்குப் போவது டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம். ஒவ்வொன்றிலும் இரண்டே இடம். சாதாரணமாக மொத்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கில்தான் இரும்பு இருக்கும். மிச்ச இடத்தில் அலுமினியம் ஏறிவிடும். வளரும் செங்குழியத்துக்குப் பாதையைத்தான் தெரியும், ஏறி வந்தவர் யாரென்று தெரியாது, கதவைத் திறந்துவிடும். உள்ளே வந்த அலுமினியம், ஈமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஈம் உண்டாகும் வேலையைக் குழப்பும். பக்கத்திலேயே இரும்பு கிடந்தும் ஈமோகுளோபினுக்குள் போய்ச் சேராது. அதற்கு மேல் இரும்பைக் கொடுத்து என்ன பயன்?

1970களில் அலுமினியம் கலந்த படிகாரம் போட்டுத் தெளியவைத்த குழாய்த் தண்ணீரையே சில நாடுகளில் டயாலிசிஸுக்குப் பாவித்திருக்கிறார்கள். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 120 லீற்றர் தேவை. மூளை பாதித்துச் செத்தவர்களும் உண்டு. வாசித்தபோது நெஞ்சு பதறிவிட்டது. இப்போது தண்ணீரை நன்றாக வடிகட்டித்தான் எடுக்கிறார்கள்.

நீ பயந்து உன் அலுமினியச் சட்டிகளை எறிந்துவிடாதே. சாப்பாட்டிலுள்ள அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேராது; சேர்வதையும் நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். புளி அலுமினியத்தைக் கரைக்கும் என்பதால், அம்மா புளியாணத்தை மட்டும் மண்சட்டிக்கு மாற்றிவிட்டா.

அந்த மருந்தை நிறுத்தியாயிற்று. அலுமினிய அளவு பார்க்க இரத்தம் எடுத்திருக்கிறார்கள். கூடுதலாக இருந்தால் டெஸ்ஃபெரியொக்சமின் கொடுக்கலாமாம்; தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயுள்ள பிள்ளைகளுக்கு, அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் கூடிப்போகும் இரும்பை இறக்கும் அதே மருந்து. உன் போத்தல் அலுமாரியில் இருக்கிறது, டொக்டர் சொன்னால் திறப்போம்.

பெரியப்பா உன் குரலைக் கேட்க ஆசைப்படுகிறார். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸால் களைத்துப்போய்ப் படுத்துவிடுவார். மற்ற நாளில் எடு.

அன்புடன்,
அப்பா