செயலாளரின் ஆண்டறிக்கை: லிலி பூலான்ஜேயைப் பாடிய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு முழுவதும் ஒரே இசையமைப்பாளரைக் கேட்பது, முடிந்த அளவு பாடுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். பெர்லியோஸ், ஃபோரே என்று பெயர்கள் வந்தன. பாரிஸில் பிறந்து பாரிஸிலேயே அடக்கமானவர், ஆனாலும் இந்த ஊர்க் கச்சேரிகளில் அபூர்வமாகவே பெயர் தென்படுகிறவர், அவரை எடுக்கலாம் என்று ஆல்டோ (தாழ்ந்த பெண்குரல்) பிரிவினர் பிடிவாதமாக நின்றார்கள். அவர்கள் பிடிவாதம் நமக்குத் தெரிந்ததுதானே. பிரெஞ்சு இசையமைப்பாளர் லிலி பூலான்ஜே தேர்வானார்.

புதிய உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறப்பு 1893. அப்பா எர்னெஸ்ட், இளம் கலைஞர்களுக்குப் பிரான்ஸில் போட்டி வைத்துத் தரும் ப்ரீ த ரோம் பரிசை 1835இலேயே வாங்கிய இசையமைப்பாளர், அம்மா ரஷ்யப் பெண்மணி. அந்தப் போட்டியில் பெண்கள் கலந்துகொள்ள 1903இல்தான் வழி திறந்தது. அக்கா நதியாவுக்கு 1908இல் இரண்டாம் பரிசு கிடைத்தது. லிலி 1912இல் போட்டியின் நடுவில் உடம்பு முடியாமல் விலகினார். அடுத்த ஆண்டு, 19 வயதில், 'ஃபாஸ்ட்டும் ஹெலனும்' என்ற கான்டாட்டாவுக்காக (குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த படைப்பு) 36 ஓட்டுகளில் 31 பெற்று முதல் பரிசை வென்றார். இசையமைப்புக்கு அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர். 1918 மார்ச் 15 அன்று, 24 வயதில் இறந்தார். பத்து நாள் கழித்து இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளரான டெபுஸியும் போய்விட்டார்.

நம் அறிமுகக் கூட்டத்தில் பேசியவர்களில் பலர் அவருடைய நோயிலேயே நின்றுவிட்டார்கள். இரண்டு வயதில் வந்த நிமோனியா, அதன் பிறகு விடாத குடல் உபாதை, கடைசிப் படைப்பான 'பியே ஜேசு' என்ற லத்தீன் பிரார்த்தனையைப் படுக்கையிலிருந்தபடி அக்காவிடம் சொல்லி எழுதவைத்தது, எல்லாம் உண்மைதான். ஆனால் 'ஐயோ பாவம்' என்று கேட்கிற காதில் இந்த இசையின் வேலைப்பாடு விழாது என்பது என் கருத்து. முதல் உலகப் போர்க்காலத்தில் அக்காவும் தங்கையுமாக ஒரு குழு தொடங்கி, போர்முனைக்குப் போன இசை மாணவர்களுக்கு உதவி திரட்டினார்கள். படுத்தே கிடந்த பெண் செய்கிற காரியமா இது?

ஆண்டின் பெரிய நிகழ்வு, பைபிளின் 130ஆம் சங்கீதத்துக்கு லிலி அமைத்த இசையைக் கேட்ட மாலை. "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்ற வரி நம் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மனப்பாடம். 1917இல் எழுதி முடித்து அப்பாவின் நினைவுக்குக் காணிக்கையாக்கிய படைப்பு, சுமார் 25 நிமிடம். பெரிய ஆர்கெஸ்ட்ரா, ஆர்கன், கோரஸ், தனிக்குரல்கள். தாழ்ந்த வாத்தியங்களின் முனகலில் தொடங்கி, கோரஸ் "யாவே, அதோனாய்" என்று கடவுளை எபிரேயப் பெயர்களால் அழைத்து எழும்பும்போது நாற்காலி அதிர்கிறது. நம்பிக்கை, மீட்பு என்ற வரிகளெல்லாம் வந்த பிறகும் இசை அந்தப் பழைய கூக்குரலுக்கே திரும்புகிறது. 'இதில் ஆறுதலே இல்லையே' என்று டெனர் (உயர்ந்த ஆண்குரல்) பிரிவில் ஒருவர் குறைப்பட்டார். அந்த நேர்மைதான் எனக்குப் பிடித்தது.

சரி, பாடியதற்கு வருகிறேன். 24ஆம் சங்கீதத்தை எடுத்தோம், "பூமியும் அதின் நிறைவும்" என்று தொடங்குகிற அதேதான். மூலத்தில் வயலின் கூட்டமே கிடையாது. 4 ஹார்ன், 3 ட்ரம்பெட், 4 ட்ராம்போன், டியூபா, டிம்பனி, ஹார்ப், ஆர்கன், இவ்வளவும் நான்கு நிமிடம்கூட ஓடாத ஒரு பாட்டுக்கு! இவருடைய படைப்புகள் மேடை ஏறாததற்குப் பெண் என்ற காரணத்தோடு இந்தக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. நான்கு நிமிடத்துக்கு எந்த அமைப்பு இத்தனை பேரைக் கூலி கொடுத்து உட்காரவைக்கும்? நாம் ஆர்கனோடு மட்டும் பாடினோம். "வாசல்களே, உங்கள் தலைகளை உயர்த்துங்கள்" என்ற இடத்தில் பேஸ் (தாழ்ந்த ஆண்குரல்) பிரிவு கொஞ்சம் தொய்ந்தது, மற்றபடி குறையில்லை. முதலில் ஒப்புக்கொண்ட அரங்கம் கடைசி வாரத்தில் கைவிரித்ததால் நிகழ்ச்சி தேவாலய மண்டபத்துக்கு மாறியது. முன்பணம் இன்னும் திரும்பவில்லை.

அப்புறம் லிலியின் 'பழைய பௌத்தப் பிரார்த்தனை'. டெனர், கோரஸ், ஆர்கெஸ்ட்ராவுக்காக 1914 முதல் 1917 வரை எழுதியது. மூச்சுள்ள எல்லா உயிரும் பகையின்றி, தடையின்றி, துன்பம் கடந்து, தன் தன் வழியில் சுதந்திரமாக நடக்கட்டும் என்பது சாரம். உலகம் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் இவர் இந்த வரிகளை எடுத்திருக்கிறார். மூலம் 'விசுத்திமக்கம்', 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரம் மகாவிகாரையில் புத்தகோசர் பாலியில் எழுதிய நூல். பிரெஞ்சில் தந்தவர் சுசான் கார்ப்பலெஸ். பின்னாளில் புனோம் பென்னில் பௌத்த நிறுவனத்தை நடத்திய இந்த அறிஞர் கடைசியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்து, 1968இல் அங்கேயே காலமானார். இதைச் சொன்னதும் நம் புதுச்சேரி உறுப்பினர்களுக்கும் இலங்கை உறுப்பினர்களுக்கும் இந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம் என்று தேநீர் இடைவேளை முழுக்க வழக்கு நடந்தது. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

வசந்தத்தில் பாரிஸில் லிலி அடக்கமான மோன்மார்த் கல்லறைத் தோட்டத்துக்கும், பூலான்ஜே குடும்பம் வாழ்ந்த ரூ பாலு தெருவுக்கும் போய் வந்தோம். பக்கத்துச் சதுக்கத்துக்கு லிலியின் பெயரே வைத்திருக்கிறார்கள். நதியாவும் அதே கல்லறையில்தான் இருக்கிறார், 1979இல் இறந்தவர். தங்கையின் இசையைக் கடைசிவரை நடத்தியும் கற்பித்தும் வந்தார். என்றாலும் கோப்லாண்ட், பியாசோலா போன்ற இசையமைப்பாளர்களின் ஆசிரியை என்ற அவருடைய புகழுக்குப் பின்னால் தங்கை கொஞ்சம் மறைந்துபோனார் என்றே நினைக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இருப்பு குறைவு, பயப்படும்படி இல்லை. அடுத்த ஆண்டுக்கு மெல் போனிஸ், லூயிஸ் ஃபாரங்க் என்று இரண்டு பிரெஞ்சுப் பெண் இசையமைப்பாளர்களின் பெயர்கள் வந்துள்ளன. ஃபாரங்க் எழுதிய மூன்று சிம்பொனிகளையும் கேட்கத்தான் முடியும், கோரஸுக்கு வேலையில்லை. ஆகவே என் ஓட்டு போனிஸுக்கு. 24ஆம் சங்கீதத்தின் நோட்டுப் பிரதிகளை வீட்டுக்கு எடுத்துப்போனவர்கள் தயவுசெய்து அடுத்த ஒத்திகைக்குள் திருப்பித் தரவும். இந்த அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்