விழிப்புலனற்ற மாணவருக்கான நூல்கள்: மூலக் கோப்புகளும் சனிக்கிழமைகளில் ஓர் அறையும் கோரும் மனு

ஹட்டன்

செயலாளர் அவர்கள்,
மாகாணக் கல்வி அமைச்சு,
மத்திய மாகாணம்.

வலயக் கல்விப் பணிப்பாளர் ஊடாக

கனம் ஐயா / அம்மணி,

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்த நாங்கள் 11 பேர். ஆசிரியர்கள், உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர் ஒருவர். ஸ்கேன் செய்த தமிழ் நூல்களை, விழிப்புலனற்றவர்கள் கணினியிலும் போனிலும் கேட்டு வாசிக்கக்கூடிய எழுத்துக் கோப்புகளாக மாற்றித் திருத்துகிறோம். சம்பளம் வாங்குவதில்லை, இம்மனுவில் அதைக் கேட்கவும் இல்லை.

திரையிலுள்ள எழுத்தைக் குரலாக வாசித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு ஸ்கேன் பிரதி வெறும் படம்தான். என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்துத் திறந்தால் ஒரு சொல்கூட வராது. எழுத்துணரி மென்பொருளில் போட்டால் எழுத்து வரும், பிழைகளோடு. துணைக்காலை ரகரமாக எடுத்துக்கொண்டு ‘காடு’ என்பதைக் ‘கரடு’ ஆக்கிவிடும். அச்சில் புள்ளி மங்கியிருந்தால் மெய்யெழுத்தெல்லாம் உயிர்பெற்று எழுந்துவிடும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ‘தேயிலை’யின் ‘லை’ தும்பிக்கையோடு நிற்கும், அதைக் கண்டால் மென்பொருள் திணறுகிறது. சரி, பிழைதிருத்தியையாவது நம்பலாமா என்றால், தோட்டத் தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் இடமான ‘பிரட்டுக்களம்’ என்ற சொல்லுக்கே அது சிவப்புக் கோடு போடுகிறது! விடியக்காலையில் அம்மா பிரட்டுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் அந்தச் சொல் தப்பும். மலையக நூல்களை மலையகத்திலேயே திருத்தவேண்டும் என்று நாங்கள் அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

கடைசி மெய்ப்புப் பார்ப்பவர் எங்கள் குழுவிலேயே உள்ள, பிறவியில் பார்வையில்லாத ஒரு தம்பி. நாங்கள் இரண்டு தடவை பார்த்துவிட்டு அனுப்பிய பக்கத்தைக் கேட்டுவிட்டு, “அக்கா, வசனத்துக்கு நடுவுல நாப்பத்தி மூனுன்னு வாசிக்குது” என்பார். பக்க எண்ணை நீக்க மறந்திருப்போம். எங்கள் கண்ணில் அது படவே இல்லை.

பழைய நூல்களுக்கு இந்தப் பாடு தவிர்க்க முடியாதது. அதைப் பற்றி முறைப்பாடு இல்லை. எங்கள் மனவருத்தம் புதிய பாடக் குறிப்புகளையும் மாதிரி வினாத்தாள்களையும் பற்றியது. இவை கணினியில்தான் தட்டச்சாகின்றன. பிறகு அச்சாகி, போட்டோக்கொப்பியாகி, மங்கிப்போய் எங்கள் கைக்கு வருகின்றன. நாங்கள் போனில் படம்பிடித்து, எழுத்தாக்கி, வரிவரியாகத் திருத்துகிறோம். முதலில் தட்டச்சான கோப்போ ஏதோ ஒரு மேசைக் கணினியில் சும்மா கிடக்கிறது. ஓர் இடத்தில் அதைக் கேட்டதற்கு, “பதிப்புரிமைச் சிக்கல்” என்றார்கள். இன்னோரிடத்தில் மனமுவந்து பீடிஎஃப் தந்தார்கள். அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது; பார்வைக்குத் தமிழ், கணினிக்கு உள்ளே ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ என்ற சொல்லைத் திரைவாசிப்பான் ‘ஜே, கே, பீ, ஓ, செமிகோலன்’ என்று வாசித்தது. தம்பி சிரித்தார். உயர்தரப் பரீட்சைக்கு அதற்காகக் காத்திருந்த மாணவிக்குச் சிரிப்பு வரவில்லை.

பதிப்புரிமை பற்றி ஒரு வார்த்தை. அச்சு நூல்களை வாசிக்க இயலாதவர்களுக்காக 2013இல் மராக்கேஷ் ஒப்பந்தம் நிறைவேறியது. இலங்கை அதில் 2016இல் இணைந்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அதற்கேற்ப 2022இல் திருத்தப்பட்டது. ஆனால் ஒப்பந்தம் இவ்வேலையை முக்கியமாக அரசு ஏற்றுக்கொண்ட, இலாப நோக்கற்ற அமைப்புகளின் கையில் வைக்கிறது. நாங்களோ பதிவில்லாத தனியாட்கள். ஆகையால் வலயக் கல்விப் பணிமனையின் மேற்பார்வையில் இப்பணியைத் தொடர எங்களுக்கு எழுத்துமூல அனுமதி தந்து, அமைப்பாக அங்கீகாரம் பெற எங்களைச் சிபாரிசு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அதைவிட முக்கியமாக, மாகாண மட்டத்திலும் வலய மட்டத்திலும் தயாராகும் தமிழ்மொழிப் பாடக் குறிப்புகள், மாதிரி வினாத்தாள்களின் மூலக் கோப்பை, அச்சுக்குப் போகும் அன்றே எங்களுக்கும் அனுப்பும்படி ஒரு சுற்றறிக்கை வேண்டும். திரைவாசிப்பான் நேரே வாசிக்கக்கூடிய யுனிகோட் எழுத்தில் என்றால் நல்லது. பாமினியானாலும் பாதகமில்லை, மாற்றிக்கொள்ளக் கருவி இருக்கிறது. பரீட்சை முடியும்வரை வெளிவிடக் கூடாத தாள்களை நாங்கள் கேட்கவில்லை. வரைபடங்களுக்கும் உருவங்களுக்கும் சொல்லால் விளக்கம் எழுதும் வேலையை நாங்களே பார்த்துக்கொள்வோம், உரிய பாட ஆசிரியர் ஒருவர் அதைச் சரிபார்த்துத் தந்தால் போதும்.

அடுத்தது இடம். இப்போது ஓர் ஆசிரியை வீட்டின் முன்னறையில் கூடுகிறோம். தடித்த புத்தகத்தைப் போனில் படம்பிடித்தால் நடுமடிப்பில் வரிகள் வளைந்துவிடும், அந்தப் பகுதியை முழுக்கத் தட்டச்சு செய்யவேண்டியிருக்கிறது. கணினி வள நிலையம் ஒன்றைச் சனிக்கிழமைகளில் காலை 9 முதல் மாலை 3 வரை திறந்துவிட்டு, தட்டை ஸ்கேனர் ஒன்றையும் பாவிக்க அனுமதித்தால் பேருதவி. பொறுப்பாளர் விடுமுறை நாளில் வரவேண்டியிருக்கும் என்பது தெரியும், திறப்புக்குப் பொறுப்பேற்க எங்கள் குழுவின் இரு ஆசிரியர்கள் கையொப்பமிடத் தயார்.

ஒரே பக்கத்தின் மூன்று வடிவங்களை இத்துடன் இணைத்துள்ளோம்: ஸ்கேன் பிரதி, மென்பொருள் தந்தது, நாங்கள் திருத்தியது. நேரம் ஒதுக்கினால் அந்தத் தம்பியையும் அழைத்துக்கொண்டு நேரில் வந்து மூன்றையும் வாசித்துக் காட்டுவோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
தொண்டர் குழுவின் சார்பில்