விழுந்து எழும் பிள்ளைக்கு வாக்கர் வேண்டாம்: நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவம் என் தொழில். உட்கார வேண்டிய வயதில் உட்காராத, நிற்க வேண்டிய வயதில் நிற்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோரை அன்றாடம் பார்க்கிறேன். அவர்களில் பலர், எந்தக் குறையும் இல்லாத குழந்தையைக் கொண்டு வருகிறவர்கள். "நாலு எட்டு வைத்தால் பொத்தென்று விழுந்துவிடுகிறான். காலில் பலம் இல்லையோ?" என்பதுதான் அவர்களுடைய கவலை. அந்தக் கவலையைக் காசாக்கும் பொருள் ஒன்று நம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. குழந்தையை நடுவில் உட்காரவைத்துச் சக்கரத்தில் ஓடவிடும் வாக்கரைத்தான் சொல்கிறேன். அதன் விற்பனையை இந்தியாவில் நிறுத்த வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

நடை பழகும் குழந்தை எவ்வளவு விழும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 முதல் 19 மாதக் குழந்தைகளை இஷ்டம்போல் விளையாட விட்டுக் கணக்கெடுத்து, 2012-இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 எட்டு; 17 முறை விழுதல். எந்த நோயும் இல்லாத, நன்றாக வளரும் பிள்ளைகளின் கணக்கு இது. இதை நான் சொல்லும்போது தாய்மார்களின் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

தரையில் உட்கார்ந்து குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். புதிதாக நடக்கும் பிள்ளை இரண்டு கைகளையும் மார்புக்கு மேலே தூக்கிக்கொள்கிறது. கால்களை அகட்டி, முட்டியை லேசாக மடக்கி, முழுப் பாதத்தையும் தட்டென்று வைக்கிறது. நடப்பதைவிடத் திரும்புவதும் நிற்பதும்தான் அதற்குச் சிரமம். அம்மா கூப்பிட்ட திசைக்குத் தலையைத் திருப்பினால் போதும், உடல் ஆடிப் பிட்டம் தரையில் பட்டுவிடும். பெரும்பாலும் அழுவதுகூட இல்லை. நம் முகத்தைப் பார்க்கும். நாம் பதறினால் அழும். இல்லாவிட்டால் இரு கைகளையும் முன்னால் ஊன்றி, பின்புறத்தைத் தூக்கி, எழுந்து மறுபடி கிளம்பிவிடும். உயரமும் குறைவு, எடையும் குறைவு, வேகமும் குறைவு. அதனால் இப்படி விழுவதில் அடி பலமாகப் படுவது அரிது. ஒவ்வொரு முறை சாயும்போதும் இடுப்பும் கணுக்காலும் சமநிலையைத் திருத்திக்கொள்ளப் பழகுகின்றன. இந்தப் பாடத்தைக் குழந்தைக்கு வேறு எந்தக் கருவியும் சொல்லிக்கொடுக்க முடியாது.

எந்த வயதில் நடக்க வேண்டும் என்பதிலும் வீண் பதற்றம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்து கிடந்தது. பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்களும் குழந்தை தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவத்தைப் பதின்மூன்றாம் மாதத்தில்தான் வைத்தார்கள். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டால் நம் வீட்டில் அமைதி போய்விடுகிறது. அடுத்த நாளே வாக்கர் வந்து இறங்குகிறது. பல வீடுகளில் அதைப் பெற்றோர் வாங்குவதுகூட இல்லை. பிறந்தநாளுக்குத் தாய்மாமன் வாங்கி வருகிறார், அத்தை வாங்கி வருகிறார். ஆசையாகக் கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்ல எந்த மருமகளுக்கு வாய் வரும்? மருத்துவர்கள் அறிவுரை சொன்னால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வாக்கரில் குழந்தை நடப்பதில்லை. துணி இருக்கையில் பாதி எடையைத் தொங்கவிட்டு, கால்விரல் நுனியால் தரையை உந்தித் தள்ளுகிறது. முன்னால் இருக்கும் பாட்டுப் பாடும் தட்டு மறைப்பதால் தன் பாதம் எங்கே படுகிறது என்று அதற்குத் தெரியாது. சாய்ந்தால் தாங்கிப் பிடிக்கச் சட்டம் இருப்பதால் சமநிலைக்கு வேலையே இல்லை. 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வாக்கரில் வளர்ந்த குழந்தைகள் மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான் உட்கார்ந்தார்கள், தவழ்ந்தார்கள், நடந்தார்கள். சீக்கிரம் நடக்க வைக்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்கப்படும் பொருளின் நிலை இதுதான்.

தாமதம்கூடப் பரவாயில்லை, பிள்ளை பிறகு நடந்துவிடும். என் பயம் அதன் வேகத்தைப் பற்றியது. வாக்கரில் இருக்கும் குழந்தை ஒரே நொடியில் மூன்றடிக்கும் மேல் போய்விடும். அடுப்படியில் நிற்கும் தாய் திரும்புவதற்குள் அது மாடிப்படியின் விளிம்பில் இருக்கும். தரையில் விழும் குழந்தை தன் உயரத்திலிருந்து விழுகிறது. வாக்கரோடு விழும் குழந்தை படிக்கட்டு முழுவதும் உருள்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் 1990 முதல் 2014 வரை, 15 மாதத்துக்கு உட்பட்ட சுமார் 2,30,000 குழந்தைகளுக்கு வாக்கர் காயங்களுக்காகச் சிகிச்சை அளிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி. நான்கில் மூன்று பேர் படியிலிருந்து விழுந்தவர்கள். பெரியவர்கள் பக்கத்திலேயே இருந்தபோதுதான் இத்தகைய விபத்துகளில் பெரும்பாலானவை நடந்திருக்கின்றன. ஆகவே, "கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற ஒட்டுச்சீட்டால் பயன் இல்லை.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். கதவில்லாத மாடிப்படி, தெருவை ஒட்டிய வாசற்படி, தரையிலேயே வைத்த அடுப்பு, நீர் நிறைந்த வாளி, மேசை விளிம்பில் ஆவி பறக்கும் காபி. தவழும் குழந்தைக்கு எட்டாத எத்தனையோ பொருள்கள், வாக்கரில் நிமிர்ந்திருக்கும் குழந்தைக்குக் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடுகின்றன.

நடை பழக ஏதாவது வேண்டும் என்று கேட்கும் பெற்றோருக்கு நம் ஊர் மர நடைவண்டியைச் சொல்வேன். அதுவும் சமதளத்தில், பெரியவர் அருகில் இருக்கும்போது மட்டும். எழுந்து நிற்கத் தெரிந்த பிறகு மட்டும். அதில் குழந்தை தன் எடையைத் தன் காலில் தாங்குகிறது, பாதம் பார்வையில் இருக்கிறது, வேண்டாம் என்றால் கையை விட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். அதுவும் கிடைக்காவிட்டால் குறைவில்லை. வழுக்காத தரையும் வெறும் காலும் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா விழுதலும் சாதாரணமானது என்று நான் சொல்லவில்லை. 18 மாதமாகியும் நடக்காத பிள்ளை, எப்போதும் நுனிக்காலிலேயே நடக்கும் பிள்ளை, ஒரே பக்கமாகச் சாயும் பிள்ளை, ஒரு காலை இழுத்து நடக்கும் பிள்ளை, நன்றாக நடந்துகொண்டிருந்து பிறகு அடிக்கடி விழத் தொடங்கும் பிள்ளை ஆகியோரை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தசை நோயோ, மூளை தொடர்பான சிக்கலோ, வைட்டமின் டி குறைவால் எலும்பு வளைதலோ காரணமாக இருக்கலாம். அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசு மருத்துவக் குழுக்கள் இதற்காகவே இருக்கின்றன. வாக்கர் இங்கேயும் கேடு செய்கிறது. உள்ளே உட்கார்ந்து வீடு முழுக்க ஓடும் குழந்தையைப் பார்த்து, "அதுதான் நடக்கிறானே" என்று பெற்றோர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். கால் வலுவற்றுப் போயிருப்பது அதற்குள் மறைந்துகொள்கிறது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாமே என்று நான் நொந்துகொண்ட குழந்தைகள் உண்டு.

வாக்கருக்குத் தடை விதிக்க முடியும் என்று கனடா செய்து காட்டியிருக்கிறது. உற்பத்தியாளர்கள் தாங்களாகவே கட்டுப்படுவார்கள் என்று முதலில் ஆண்டுக்கணக்கில் நம்பிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 2004 ஏப்ரலில் வாக்கரின் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் மூன்றையும் தடை செய்தார்கள். பழைய வாக்கரை வீட்டு வாசலில் வைத்து விற்பதும் அங்கே சட்டவிரோதம்.

உங்களுக்கு இதற்கான அதிகாரம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிட ஆணையத்துக்கு வழி செய்கிறது. 21-ஆவது பிரிவு, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. காரில் சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலியை அடக்கும் கிளிப்புகளை விற்ற இணைய வணிகத் தளங்களிலிருந்து 13,118 விற்பனைப் பதிவுகளை 2023-இல் நீக்கவைத்தது உங்கள் ஆணையம்தான். வாக்கரும் அதே தளங்களில்தான் விற்கப்படுகிறது.

முதற்படியாக, "குழந்தையைச் சீக்கிரம் நடக்க வைக்கும்" என்ற வாசகத்தோடு வரும் எல்லா விளம்பரங்களையும் நிறுத்தி, பெற்றோருக்கு மாநில மொழிகளில் பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிடுங்கள். பிறகு விசாரணை நடத்தி, இணையத்திலும் கடைகளிலும் விற்பனையைத் தடை செய்யுங்கள். விசாரணையில் குழந்தை மருத்துவர்களையும் எங்களைப் போன்ற இயன்முறை மருத்துவர்களையும் அழைத்துக் கேளுங்கள். எந்த நாள் சொன்னாலும் நான் நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
குழந்தைகள் இயன்முறை மருத்துவர் ஒருவர்
தமிழ்நாடு