நக்கவாரத்துக்கு (நிக்கோபாருக்கு) புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதத்தின் முதல் பாதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பயிற்சி முடிந்துவிட்டது, கார் நிக்கோபாரில் ஒரு மாணவர் விடுதிக்கு வார்டனாக அனுப்புகிறார்கள் என்றதும் அவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுபாதியை நான் வாசிக்கவில்லை. "அங்கே எல்லோரும் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு விளக்கணைக்கவா இத்தனை வருடம் வேதம் படித்தேன்? சுவிசேஷமே கேட்காத சென்டினல் தீவு பக்கத்தில் இருக்கும்போது, அங்கே போய் உயிரைவிட்ட அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சாவ் என்பவருக்கு 26 வயதில் இருந்த தைரியம் எனக்கு ஏன் இல்லை?" என்று எழுதியிருந்தாயே, அந்தப் பாதி.

உன்னைப் போலவே கேட்கிற பிள்ளைகள் நம் சபைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் உன் சம்மதத்தோடு, அவர்களும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். உன் பாரத்தை நான் சந்தேகப்படவில்லை. சின்ன வயதிலிருந்தே உன்னைப் பார்த்தவள் நான். ஆனால் நீ சின்ன வேலை என்று நினைக்கிற அந்த விடுதி வேலைதான் அந்தத் தீவின் கதையையே மாற்றியது. அதை உனக்கு யாரும் சொல்லவில்லை என்று தோன்றுகிறது.

முதலில் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்டினல் உனக்குப் பக்கத்தில் இல்லை. வெளியாரை அண்டவிடாத பழங்குடிகள் வாழ்கிற அந்தத் தீவு தெற்கு அந்தமானுக்கு மேற்கே இருக்கிறது. கார் நிக்கோபாருக்கும் அந்தமானுக்கும் நடுவே பத்து டிகிரி கால்வாய், சுமார் 150 கிலோமீட்டர் கடல். ஜனங்களும் வேறு, மொழியும் வேறு, கதையும் வேறு.

நிக்கோபார்த் தீவுகளுக்கு ஊழியத்துக்கென்று முதலில் போனவர்களில் ஒரு கூட்டம் நம் தரங்கம்பாடியிலிருந்தே புறப்பட்டது. 1706-ல் வந்த சீகன்பால்கு ஐயரைப் பற்றி நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். 1760-ல் வந்த மொரேவிய சகோதரர்கள் என்ற புராட்டஸ்டண்ட் மிஷனரிக் கூட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் வந்ததே நிக்கோபாருக்குப் போகத்தான். அந்தத் தீவுகளை, தரங்கம்பாடியை அப்போது ஆண்ட டென்மார்க் 1756-லேயே தன்னுடையது என்று அறிவித்துவிட்டது. ஆனால் அனுப்பிய ஆட்கள் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள். 1768-ல் சகோதரர்கள் நான்கௌரித் தீவில் போய் இறங்கினார்கள். காட்டை வெட்டி வீடு கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள். தரங்கம்பாடியிலிருந்து வரும் கப்பலையே நம்பியிருந்தார்கள்.

19 வருடம் தாக்குப்பிடித்தார்கள். அவர்களில் ஒருவர் யோஹான் காட்ஃப்ரீட் ஹென்செல். வயதான பிறகு, அந்தக் கூட்டத்தில் உயிரோடு மிஞ்சிய ஒரே ஆளாக, எல்லாவற்றையும் கடிதங்களாக எழுதினார். 1812-ல் லண்டனில் அவை புத்தகமாக வந்தன. நீ கப்பலேறும் முன் படிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அந்தக் கடிதங்களைத்தான். தீவில் பிடித்த பாம்புகளையும் பொறுக்கிய சிப்பிகளையும் தரங்கம்பாடிக்கு அனுப்பி விற்று மிஷன் செலவுக்கு உதவியதைச் சொல்கிறார். வீடு திரும்ப முடியாத இரவுகளில் கடற்கரை மணலில் குழி தோண்டி, உடம்பை மணலால் மூடிக்கொண்டு, காவலுக்கு நாயைப் படுக்க வைத்துத் தூங்கியதைச் சொல்கிறார். தைரியத்தைப் பற்றிக் கேட்டாயே, அந்த மனிதரிடம் அது வேண்டிய மட்டும் இருந்தது.

அப்புறம் அவரே கணக்கும் சொல்கிறார். நான்கௌரியிலேயே 11 பேர் புதைக்கப்பட்டார்கள். இன்னும் 13 பேர், தீவில் வாங்கிய காய்ச்சலோடும் ஈரல் வீக்கத்தோடும் தரங்கம்பாடிக்குத் திரும்பிச் சீக்கிரத்திலேயே இறந்தார்கள். அது மலேரியாவாகத்தான் இருக்க வேண்டும் என்று நர்ஸ் வேலை பார்க்கிற எனக்குத் தோன்றுகிறது. கொசுதான் காரணம் என்பது 1897-ல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த பிறகே உலகத்துக்குத் தெரியும். கெட்ட காற்று என்று நினைத்துக்கொண்டு இவர்கள் வரிசையாகச் செத்தார்கள்.

இருபத்து நான்கு பேர். அத்தனை பேர் செத்தும் ஒரு நிக்கோபாரியர்கூட விசுவாசத்துக்கு வரவில்லை.

இரத்தசாட்சிகளின் இரத்தம் சபைக்கு வித்து என்று நம் கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறார்கள். எனக்கு இந்த இருபத்து நான்கு பேர் ஞாபகம் வருவார்கள். அவர்கள் மரணம் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அது கர்த்தருக்குத் தெரியும். ஆனால் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பதை ஹென்செல் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த ஜனங்களின் மொழி கடைசி வரை அவர்களுக்குச் சரியாக வசப்படவில்லை. ஒருவர் கொஞ்சம் பேசக் கற்பதற்குள் காய்ச்சல் வந்து போய்விடுவார், அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார். போதாததற்குச் சகோதரர்களுக்குள்ளேயே அன்பு குறைந்துபோனது என்றும், தோல்வியில் தங்களுக்கும் பங்கு உண்டு என்றும் எழுதுகிறார். 1787-ல் கடைசிச் சாமான்களை எடுத்துவரப் போனவரும் அவர்தான்.

இதற்கு நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு தமிழர் போனார். வேதப்பன் சாலமோன் என்று பெயர். பட்டம் பெற்ற போதகர்கூட இல்லை, வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். போர்ட் பிளேரில் நிக்கோபார்ப் பையன்கள் சிலரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவரை, 1890-களின் நடுவில் கார் நிக்கோபாரின் முஸ் கிராமத்துக்கு ஆங்கிலேய அரசாங்கம் தன் ஏஜெண்டாக அனுப்பியது. அவருடைய வேலை என்ன தெரியுமா? தேங்காய் ஏற்ற வரும் கப்பல்களைக் கவனிக்க வேண்டும். மழையையும் காற்றையும் அளந்து எழுத வேண்டும். ஊருக்குள் சண்டை வந்தால் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும். தங்கிப் படித்த பையன்களுக்குச் சோறு போட வேண்டும். நீ வேண்டாம் என்கிற வேலையேதான்.

அவர் எழுதிய நாட்குறிப்பின் பகுதிகளை 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையோடு அச்சிட்டிருக்கிறார்கள். அரசாங்கத்துக்காக எழுதியது, பிரசங்கமாக எதையும் எதிர்பார்க்காதே. யார் வந்தார்கள், யார் செத்தார்கள், எந்த ஊரில் என்ன சடங்கு நடந்தது, பேயை விரட்ட என்ன செய்தார்கள் என்று பொறுமையாக எழுதிக்கொண்டே போகிறார். அவருக்குப் பிடிக்காத வழக்கங்கள் அங்கே ஏராளம். ஆனாலும் அந்த ஜனங்கள் நடுவில் குடியிருந்தார். பெரிய அறுவடை எதையும் பார்க்காமலே 1909-ல் இறந்துபோனார்.

அவரிடம் படித்த பையன்களில் ஒருவன் பின்னாளில் ஜான் ரிச்சர்ட்சன் ஆனான். முஸ் கிராமத்துப் பிள்ளை. படிக்க பர்மாவுக்கு, மாந்தளைக்குப் போய், 1912-ல் சொந்தத் தீவுக்கே வாத்தியாராகத் திரும்பி வந்தார். எழுத்து இல்லாதிருந்த அந்த மொழியில் முதலில் உழைத்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் வைட்ஹெட் என்ற ஆங்கிலேய மிஷனரி. அவருடைய அகராதி 1925-ல் வெளிவந்தது. புதிய ஏற்பாட்டை நிக்கோபாரியில் கொண்டுவந்தவர் ரிச்சர்ட்சன். 1942-லிருந்து 1945 வரை ஜப்பானியர் கையில் அந்தத் தீவு பட்ட பாட்டை நீ அங்கே பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள். உளவாளிகள் என்று சொல்லிப் பலரை அடித்தே கொன்றார்கள். அதையெல்லாம் தாண்டி உயிரோடு வந்த ரிச்சர்ட்சன் 1950-ல் பிஷப் ஆனார். 1952-ல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராக டெல்லிக்குப் போனார். கார் நிக்கோபார் ஏறக்குறைய முழுவதும் சபையாக மாறியது அவர் காலத்தில்தான். அதைச் செய்தவர் அந்த மண்ணில் பிறந்தவர், அந்த மொழியில் கனவு காண்கிறவர். நம் ஆள் செய்தது அந்தப் பையனுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததும் சோறு போட்டதும்தான். எனக்கு அதை நினைத்தாலே பெருமையாக இருக்கிறது. நம் சபை நாட்காட்டியில் அவர் பெயருக்கு ஒரு நாள் இல்லையே என்று வருத்தமாகவும் இருக்கிறது.

சரி, சென்டினலுக்கு வருகிறேன்.

1880-ல் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி அந்தத் தீவுக்குப் போய், வயதான ஒரு தம்பதியையும் நான்கு பிள்ளைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். ஆறு பேரும் உடனே நோயில் விழுந்தார்கள். பெரியவர்கள் இரண்டு பேரும் செத்தார்கள். பிள்ளைகளைப் பரிசுப் பொருளோடு திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் எந்த நோயைச் சுமந்துகொண்டு கரையேறினார்களோ, யாருக்குத் தெரியும்? இப்படிச் செய்ததால் அவர்களுடைய பயத்தையும் பகையையும் வளர்த்ததுதான் மிச்சம் என்று போர்ட்மனே பிறகு எழுதினார்.

பெரிய அந்தமானில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1858-ல் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பைத் தொடங்கியபோது அங்கே சில ஆயிரம் பழங்குடிகள் இருந்தார்கள். அவர்களை நாகரிகப்படுத்துகிறோம் என்று 'அந்தமான் இல்லம்' நடத்தினார்கள். தொடங்கியவர் ஒரு பாதிரியார்தான். 1877-ல் தட்டம்மை வந்தது. மற்ற நோய்களும் சேர்ந்துகொண்டன. இன்று மிஞ்சியிருப்பது ஐம்பது அறுபது பேர். நம் வீட்டுப் பிள்ளைக்குத் தட்டம்மை வந்தால் வேப்பிலை வைத்து, கஞ்சி கொடுத்து, ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அந்தக் கிருமியை ஒருபோதும் பார்த்திராத உடம்புக்கு அது கொள்ளைநோய். நீ போய் இறங்கினால் உன் உயிர் மட்டும்தான் ஆபத்தில் இருக்கிறது என்று நினைக்கிறாய். சாதாரணச் சளி ஒன்று போதும் தம்பி, அங்கே ஒரு குடும்பமே இல்லாமல் போவதற்கு. சாவ் போவதற்கு முன் தன்னைத் தனிமைப்படுத்திக்கொண்டார் என்று படித்தேன். அறிகுறி இல்லாமலே கிருமியைச் சுமப்பவர்களைத் தினமும் பார்க்கிறவள் சொல்கிறேன், அது போதாது.

அந்த இளைஞரை நான் பழிக்க மாட்டேன். அவரைப் பெற்றவர்களும் பாவம். ஆனால் 2018 நவம்பரில் நடந்ததைச் சரியாகப் பார். அவர் முதலில் போனபோது ஒரு சிறுவன் விட்ட அம்பு அவர் கையிலிருந்த வேதாகமத்தில் பாய்ந்தது. வராதே என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? மறுபடியும் போனார், திரும்பவில்லை. அவரைப் படகில் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். அவர்களும் குடும்பம் உள்ளவர்கள்தானே, சாட்சிக் கூட்டங்களில் அவர்களுக்காக யாரும் ஜெபித்து நான் கேட்டதில்லை. 1956-லிருந்தே சட்டம் அந்தத் தீவுக்குள் யாரையும் விடுவதில்லை. அந்தச் சட்டம் சுவிசேஷத்துக்கு எதிரி என்று எழுதியிருக்கிறாய். அந்த ஜனங்களை உயிரோடு வைத்திருப்பது அந்தச் சட்டம்தான். சீஷர்களை அனுப்பும்போது ஆண்டவர் சொன்னதை மத்தேயு பத்தாம் அதிகாரத்தில் இன்னொரு முறை வாசி. ஏற்றுக்கொள்ளாத ஊரைவிட்டுப் புறப்பட்டு வரச் சொன்னாரே தவிர, வேலியேறிக் குதிக்கச் சொல்லவில்லை.

கார் நிக்கோபாருக்கு நீ கொடுக்கப் போகிறவனாகவே உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பதும் எனக்குக் கவலை. 2004 டிசம்பர் 26-ல் நம் கரையை அடித்த அதே அலை அவர்களை நம்மைவிட மோசமாக அடித்தது. கரையோரக் கிராமங்கள் அழிந்தன. அங்கே துஹேத் என்று ஒரு பெரிய கூட்டுக்குடும்ப அமைப்பு உண்டு. நிலம், தென்னை, பன்றி எல்லாம் அதற்குப் பொது. பெற்றோரை இழந்த பிள்ளைகளை அந்தக் குடும்பங்களே அணைத்துக்கொண்டன. பிறகு வெளியிலிருந்து நிவாரணம் குவிந்தது. பணம் தனித்தனியாக ஒவ்வொரு சின்னக் குடும்பத்துக்கும் போனதில், அலையால் உடையாத துஹேத் ஆட்டம் கண்டது. கொடுத்தவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். யாரும் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் விடுதியில் ஒரு விதியை மாற்ற நினைத்தால்கூட முதலில் பிள்ளைகளின் துஹேத் பெரியவர்களைப் போய்ப் பார். தாழைப்பழத்தை வேகவைத்து மாவாக்கிக் கொடுப்பார்கள், முகம் சுளிக்காமல் சாப்பிடு. பன்றிக்கறி உனக்குப் பழக்கமில்லை, பழகிக்கொள். ஜெபத்தில் நீ முந்திக்கொள்ளாதே. மூன்று தலைமுறையாக அந்த மொழியில் ஜெபிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உன் பாரத்துக்குப் பதில் கிடைக்குமா என்றால், உன் விடுதியில் ஒரு பையன் இருப்பான், அவனை நீ கண்டுபிடிக்கக்கூட மாட்டாய். சாலமோன் உபதேசியாருக்கும் தெரிந்திருக்காது.

அப்புறம் வேலை விஷயம். பழங்குடிப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு இல்லாமல் கார் நிக்கோபாரில் இறங்க முடியாது. உன் பணித்தள அலுவலகம் விண்ணப்பித்துவிட்டதா என்று இந்த வாரமே கேள். கொசுவலை இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி சின்ன வயதில் போட்டதற்குச் சீட்டு வீட்டில் கிடைக்கவில்லை, வரும்போது என் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு, பார்த்துப் போட்டுவிடலாம். நிக்கோபாரி மொழி சொல்லித்தர முஸ் பக்கத்தில் யாராவது கிடைப்பார்களா என்று அங்குள்ள போதகருக்கு இப்போதே எழுதிக் கேட்டுவிடு. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே.

அம்மா முறுக்கு சுட்டு அனுப்புவதாகச் சொல்கிறார்கள். பையன்களுக்கும் சேர்த்துத்தான்.

அன்புடன்,
அக்கா